உறுப்புக் கொடை: இல்லத்தாரிடம் சொல்லிவைக்க வேண்டிய அறம்



ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆயினும், எதனையும் பாடக்குறிப்பாக எழுதிப் பார்க்கும் பழக்கம் எம்மை விட்டு நீங்கவில்லை. ஆகவே இக்கட்டுரையையும் அம்முறையிலேயே அமைக்கின்றோம்.

பாடத்தின் நோக்கம்

இப்பாடத்தின் நோக்கங்கள் மூன்று. உறுப்புக் கொடை என்பது இன்னது என அறிதல் முதலாவது. அது ஜின அறத்திற்கு இசைந்ததா என ஆராய்தல் இரண்டாவது. கொடைக்குப் பதிவு செய்வதும், அதனினும் முதன்மையாக, அம்முடிவை இல்லத்தாரிடம் எடுத்துரைப்பதும் எவ்வாறு எனத் தெரிந்துகொள்ளல் மூன்றாவது. இம்மூன்றனுள் மூன்றாவதே இப்பாடத்தின் உயிர்நிலை ஆகும். அதற்கு எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையையே முதற்கண் சான்றாகக் காட்டுகின்றோம்.

பெட்டியில் கிடந்த அட்டை

எம் துணைவர் 1996-ஆம் ஆண்டில் கண் மருத்துவ முகாம் ஒன்றில் கண்தான உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டார். அங்கே அளித்த சிறு அட்டையை நிலப்பத்திரங்களோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்தார். செய்த தானத்தைச் சொல்லிக் காட்டுதல் தகாது என்னும் கொள்கை உடையவர் அவர். ஆதலின் அச்செய்தியை எம்மிடமும் கூறவில்லை, பிள்ளைகளிடமும் கூறவில்லை.

2011-ஆம் ஆண்டில் ஒருநாள் விடியற்காலையில் அவர் உயிர் நீத்தார். நம் வழக்கப்படி தாமதியாது நண்பகலுக்குள் எரியூட்டினோம். ஏறத்தாழ இருபது நாள்கள் கழித்து, வாரிசுச் சான்றிதழுக்காகப் பத்திரங்களைத் தேடியபொழுது அவ்வட்டை கைக்கு வந்தது. அவருடைய கையொப்பம் அழியாமல் இருந்தது. அட்டையைப் பார்த்தபடியே நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

அன்று விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே ஆறு மணி நேரம் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானதாக இருந்திருக்கும். பார்வையற்ற இருவர் ஒளி பெற்றிருக்கக் கூடும். அவர் செய்ய எண்ணிய தானம், அதனை அறியாத எம் கைகளாலேயே தடைப்பட்டது.

யாம் வாழும் மண்டகப்பட்டு, விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குடைவரையால் இவ்வூர் வரலாற்றில் இடம்பெற்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இன்றி இதனை அமைத்ததாக, விசித்திரசித்தன் என்னும் தன் விருதுப் பெயரோடு அவன் வடமொழியில் கல்வெட்டுப் பொறித்துள்ளான். அக்கல்வெட்டு இல்லையேல், இதனைச் செய்தவன் யார், எக்கருத்தோடு செய்தான் என்பனவற்றை இன்று ஊகமாகவே உரைத்துக்கொண்டிருப்போம். தன் எண்ணத்தை வருவோர் அனைவரும் படிக்கும் இடத்தில் அவன் எழுதி வைத்தான். எம் துணைவர் தம் எண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அக்குடைவரையைக் கடந்து செல்லும்போதெல்லாம் இவ்வேறுபாடு எம் நெஞ்சில் தோன்றும்.

நான்கு தானங்களுள் இதன் இடம்

உணவளிக்கும் ஆகார தானம், நோய் தீர்க்கும் ஔஷத தானம், அறிவு வழங்கும் சாஸ்திர தானம், அச்சம் போக்கி உயிர் காக்கும் அபய தானம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். கொடுப்போன், பெறுவோன் ஆகிய இருவர்க்கும் நன்மை விளைய வேண்டும் என்பது தானத்தின் இலக்கணம். பெறுவோனுக்கு அதனால் உயிர் நிலைக்கும். கொடுப்போனுக்கு அதனால் பற்று நீங்கும்.

உறுப்புக் கொடை இந்நான்கனுள் எதில் அடங்கும்? நோயுற்றவனுக்கு மருந்தாதலின் ஔஷத தானம் எனலாம். மரணத்தின் வாயிலில் நிற்பவனை மீட்பதால் அபய தானம் எனலும் பொருந்தும். நம் முன்னோர் காலத்தில் இம்மருத்துவம் தோன்றவில்லை; ஆதலின் ஆகமங்களில் இதனை நேராகத் தேடுதல் இயலாது. ஆயினும், உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுமாறு அமைந்தவை என்னும் பரஸ்பரோபக்ரகக் கொள்கையும், உடல் வேறு ஆன்மா வேறு எனத் தெளியும் அந்நியத்துவ பாவனையும் நமக்கு வழிகாட்டப் போதுமானவை என்பது எம் கருத்து.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றினை நம்மவர் பலரும் கண்டு வணங்கியிருப்பர். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் அங்கே ஒரே பாறையில் செதுக்கப் பெற்றுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள்கள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த செய்தியையும், இளையபடாரர் 30 நாள்கள் நோன்பிருந்து உடல் நீத்த செய்தியையும் அங்குள்ள கல்வெட்டுகள் உரைக்கின்றன. உடலை இறுதிவரை பற்றிக்கொண்டிராமல், உரிய காலத்தில் மன அமைதியோடு விட்டவர்களின் மண்ணில் நாம் வாழ்கின்றோம். அம்முனிவரின் தவம் நமக்கு அரிதாகலாம். உயிர் நீங்கியபின் எரியப்போகும் உடலைப் பிறர்க்கு உதவ விடுவதோ இல்லறத்தார் அனைவர்க்கும் எளிது.

உறுப்புக் கொடை யாது?

இதனை இரு பிரிவாகப் பிரித்து அறிதல் நன்று.

முதலாவது, இதயம் நின்று இயல்பாக இறந்தபின் அளிக்கும் கொடை. கண்ணின் கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு ஆகிய திசுக்களை இவ்வாறு அளிக்கலாம். இவற்றுள் கண்தானம் மிக எளிது. இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்வங்கியினர் இல்லத்திற்கே வந்து எடுத்துக்கொள்வர். அதற்குச் சுமார் 20 நிமிடங்களே ஆகும், முகம் சிதைவுறாது. மூக்குக் கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும், சர்க்கரை நோயுள்ளவரும், எவ்வயதினரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி நோய், எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமித் தொற்று போன்றவற்றால் இறந்தோர் கண்கள் ஏற்கப்படுவதில்லை. நம் நாட்டின் முதற் கண்வங்கி 1945-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கப் பெற்றது என்பது தமிழ்நாட்டார் பெருமைகொள்ளத்தக்க செய்தியாகும்.

இரண்டாவது, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறும் கொடை. சாலை விபத்திலோ மூளை இரத்தக் கசிவிலோ மூளைத்தண்டு முற்றிலும் செயலற்றுப் போனபின், செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியால் சிறிது காலம் மட்டும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், கணையம், சிறுகுடல் ஆகியவற்றைப் பெறலாம். ஒருவரால் எண்மர் வரை உயிர் பிழைக்க இயலும். எடுத்த உறுப்புகளுக்குக் கால எல்லை உண்டு. இதயத்தையும் நுரையீரலையும் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்குள் பொருத்துதல் வேண்டும். கல்லீரல் சுமார் பன்னிரண்டு மணி நேரமும், சிறுநீரகம் ஒரு நாளுக்குச் சற்று மேலும் தாங்கும்.

இம்மருத்துவத்தின் வரலாற்றையும் சுருக்கமாகக் காண்போம். 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே, இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1967-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக ஒருவர் இதயத்தை மற்றொருவர்க்குப் பொருத்தினார். நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றியுடன் நிகழ்ந்தது. 1994 ஆகஸ்டு 3 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் இதய மாற்று செய்தனர். அதன் நினைவாகவே 2023 முதல் ஆகஸ்டு 3 இந்திய உறுப்புக் கொடை நாளாகக் கொண்டாடப் பெறுகின்றது.

ஐயமும் தெளிவும்

நம் மகளிரிடையே இதுபற்றிப் பேசியபோது எழுந்த வினாக்களை ஈண்டு தொகுத்துத் தருகின்றோம். எவ்வினாவும் எள்ளத்தக்கதன்று.

*“டீச்சரம்மா, இப்பிறவியில் கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறப்போமோ?”*

நம் தத்துவம் இதற்குத் தெளிவாக விடை தருகின்றது. உயிர் பிரியுங்கால் இந்த ஔதாரிக சரீரம் இங்கேயே கிடக்கும். தைஜசம், கார்மணம் என்னும் நுண்ணுடல்கள் இரண்டு மட்டுமே உயிரோடு செல்லும். உயிர் நான்காவது சமயத்திற்குள் தன் அடுத்த பிறப்பிடத்தை அடைந்துவிடும். சமயம் என்பது கண்ணிமைப்பினும் மிக நுண்ணிய காலம். கண்வங்கியினர் நம் வாயிலை அடையும் முன்பே உயிர் வேறோர் உடலை எடுக்கத் தொடங்கியிருக்கும். அப்புதிய உடலின் உறுப்புகளை அமைப்பது நாமகர்மம்; இங்கே விட்டுச் சென்ற கருவிழியன்று. எரிக்கப்பட்ட உடலுக்குரியவர் சாம்பலாகப் பிறப்பதில்லையே!

*“உயிர் நீங்கிய உடலில் நுண்ணுயிர்கள் தோன்றும், ஆதலால் விரைந்து எரிக்க வேண்டும் என்பர் பெரியோர். தாமதமானால் இம்சை ஆகாதோ?”*

இஃது அறம் உணர்ந்தோர் கேட்கும் வினா. கண்தானத்திற்கு ஆகும் காலம் மிகக் குறைவு. உறவினர் வந்து சேரக் காத்திருக்கும் நேரத்திற்குள்ளாகவே அது முடிந்துவிடும். உடனே அழைத்தல் வேண்டும் என்பதே இங்குக் கருதத்தக்கது. தாமதியாமை என்னும் நம் மரபும் கண்தானமும் ஒன்றுக்கொன்று துணையே அன்றிப் பகையல்ல.

*“புலால் உண்பவர்க்கு நம் உறுப்புச் சென்றால் அப்பாவம் நம்மைச் சேராதோ?”*

பசித்து வந்தவனுக்குச் சோறிட்டபின் அவன் செய்யும் தீவினை இட்டவனைச் சேர்வதில்லை. அவரவர் வினை அவரவர்க்கே. அபய தானம் உயிரின் குலத்தையும் சமயத்தையும் நோக்குவதன்று. மேலும், உறுப்பு யார்க்குச் செல்ல வேண்டும் என்பதைக் காத்திருப்போர் பட்டியலும் இரத்த வகையும் நோயின் கடுமையும் முடிவு செய்கின்றன. கொடுப்போர் முடிவு செய்வதில்லை.

*“மூளைச்சாவு என்கின்றனர், இதயமோ துடிக்கின்றது. உயிர் நீங்கிவிட்டது என்று எப்படிக் கொள்வது?”*

இதுவே யாவற்றினும் கடினமான வினா. ஐம்பொறி, மனம் வாக்கு காயம் என்னும் மூன்று வலிமை, ஆயுள், சுவாசம் எனப் பிராணன்கள் பத்து என்று நாம் கற்றுள்ளோம். மூளைச்சாவைச் சோதிக்கும் மருத்துவர், கருவிழியின் அசைவு, வலிக்கு எதிர்வினை, தொண்டையின் அனிச்சை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றனர். இறுதியில் சுவாசக் கருவியை நிறுத்தி, இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்த நிலையிலும் தானாக ஒரு மூச்சேனும் எழுகின்றதா எனப் பார்க்கின்றனர். எழவில்லையேல், அதுவரை நிகழ்ந்த மூச்சு அவ்வுடலின் மூச்சன்று, கருவியின் மூச்சே என்பது தெளிவாகும். இச்சோதனைகளை ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை செய்தல் வேண்டும். மருத்துவர் நால்வர் கையொப்பமிடல் வேண்டும். உறுப்பைப் பொருத்தும் குழுவினர் அந்நால்வருள் இடம்பெறுதல் கூடாது. மயக்க நிலை வேறு, மூளைச்சாவு வேறு. முன்னதிலிருந்து மீண்டவர் உண்டு. முறையாக உறுதி செய்யப்பட்ட பின்னதிலிருந்து மீட்சி இல்லை.

ஆயினும் இதயத் துடிப்பு நிற்கும்வரை ஆயுள் முடிந்ததாகக் கொள்ள நம் மனம் ஒப்பவில்லை என்போரும் உளர். அவர்களைக் குறைகூற யாம் ஒருப்படோம். ஐயம் உள்ளோர் தாம் வணங்கும் முனிவரிடமும் அறிந்த மருத்துவரிடமும் கேட்டுத் தெளிக. தெளிவு பிறக்கும்வரை கண்ணுக்கும் பிற திசுக்களுக்கும் மட்டும் பதிவு செய்க. எவ்வெவ்வுறுப்பு என்று தேர்ந்து குறிக்கும் வசதி படிவத்திலேயே உண்டு.

*“சல்லேகனை மேற்கொள்ள விரும்புவோர் என் செய்வது?”*

சல்லேகனை இல்லத்திலோ தலத்திலோ நிகழ்வது. மருத்துவமனைக் கருவிகளுக்கு அங்கு இடமில்லை. ஆதலின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றை அளித்தல் இயலாது. கண்தானத்திற்கோ தடையில்லை. தானத்தின் பொருட்டு மரணத்தை விரைவுபடுத்துதல் எவ்வகையானும் தகாது என்பதையும் தெளிவாக உரைத்துவிடுகின்றோம்.

திருக்கழுக்குன்றத்துப் பெற்றோர்

தமிழ்நாட்டில் இவ்வறம் பரவக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை மாணவர்க்குக் கட்டாயம் எடுத்துரைத்தல் வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் மருத்துவத் தொழில் புரிந்த டாக்டர் அசோகன், டாக்டர் புஷ்பாஞ்சலி இணையரின் மகன் ஹிதேந்திரன். 2008 செப்டம்பரில் இரு சக்கர வாகன விபத்தில் தலையில் காயமுற்ற அச்சிறுவன், சென்னையில் சிகிச்சை பெற்றும் மூளைச்சாவு அடைந்தான். தாமே மருத்துவராதலின் அச்சொல்லின் பொருளைப் பெற்றோர் முற்றிலும் அறிந்திருந்தனர். அறிந்தே, மகனின் உறுப்புகளைக் கொடுக்க இசைந்தனர்.

அவனுடைய இதயம் பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்காக, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேரிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப் பெற்றது. போக்குவரத்துக் காவலர் வழிநெடுகச் சாலையைத் திறந்துவைக்க, நெரிசல் மிக்க அத்தொலைவை ஊர்தி சுமார் 11 நிமிடங்களில் கடந்தது. டாக்டர் செரியன் குழுவினர் அதனைப் பொருத்தினர். நாளிதழ்களில் இச்செய்தியைப் படித்த குடும்பங்கள் பல, தம் துயர வேளையில் அப்பெற்றோரை நினைவுகூர்ந்து இசைவளித்தன. அரசும் அவ்வாண்டிலேயே இறந்தோர் உறுப்பு மாற்றுத் திட்டத்திற்குரிய ஆணைகளை வகுத்தது. இன்று தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அப்பணியை நடத்துகின்றது. உறுப்புக் கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியில் மாணவர் கருதவேண்டியது ஒன்றுண்டு. இசைவளித்தது பெற்றோர். இறந்தவன் பேச இயலாது. ஆதலின் இல்லத்தார் நாவே அவன் நாவாக வேண்டும். அவ்விருவர் மருத்துவர், தாமே முடிவு காண அவர்களால் இயன்றது. மருத்துவம் அறியாத நம் பிள்ளைகள், மருத்துவமனை வாயிலில் அழுதுகொண்டு நிற்கும்போது யாரைக் கேட்டு முடிவு செய்வர்? நாம் முன்னரே சொல்லிவைத்த சொல்லைத்தான் கேட்க வேண்டும்.

சட்டமும் பதிவு முறையும்

1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் சென்னையின் வில்லிவாக்கம் போன்ற பகுதிகளில் ஏழை மக்களின் சிறுநீரகம் விலைப்பொருளாயிற்று. அக்கொடுமையைத் தடுக்கவும், மூளைச்சாவைச் சட்டம் ஏற்கவும் 1994-ஆம் ஆண்டில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப் பெற்றது. 2011-இல் அது திருத்தப் பெற்றது. உறுப்பை விற்றலும் வாங்கலும் தரகு செய்தலும் குற்றமாகும். அதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை சிறையும், இருபது இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். விலைக்கு விற்பது தானமாகாது என நம் அறம் கூறுவதைச் சட்டமும் கூறுகின்றது.

பதினெட்டு வயது நிரம்பிய எவரும் பதிவு செய்யலாம், மேல்வயது வரம்பில்லை. உறுப்பு ஏற்றதா அன்றா என்பதை உரிய வேளையில் மருத்துவர் முடிவு செய்வர். தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இணையதளத்தில் ஆதார் எண் கொண்டு பதிவு செய்யும் முறை 2023 செப்டம்பரில் தொடங்கியது. நம் பேரப்பிள்ளைகள் கைபேசியிலேயே இதனைச் செய்து தருவர். தாளில் எழுத விரும்புவோர்க்கு ஏழாம் எண் படிவம் உண்டு. அதில் சாட்சியர் இருவர் கையொப்பமிடல் வேண்டும். அவருள் ஒருவரேனும் நெருங்கிய உறவினராயிருத்தல் வேண்டும். கொடையளிப்போர் குடும்பத்திடம் உறுப்பை எடுப்பதற்கெனக் கட்டணம் எதுவும் பெறப்படுவதில்லை.

முழு உடலையும் மருத்துவ மாணவரின் கல்விக்கு அளிக்க விரும்புவோர், மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் எழுதித் தருதல் வேண்டும். நம் வட்டாரத்தார்க்கு முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி அண்மையில் உள்ளது. கண் நீங்கலாகப் பிற உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலை அத்துறையினர் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் அறிக.

இவையனைத்தும் செய்தபின்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. நாம் பதிவு செய்திருந்தாலும், உரிய வேளையில் இல்லத்தாரின் இசைவைக் கேட்பதே நம் நாட்டு வழக்கம். மனைவி, கணவன், மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி, பேரர் பேர்த்தியர் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினர் என்கின்றது. அவர்கள் மறுத்தால் அட்டையால் பயனில்லை, அறியாதிருந்தாலும் பயனில்லை.

இங்கே நம் வினைக்கொள்கையையும் நினைவுகூர்க. பிறர் செய்யும் தானத்திற்கு இடையூறு விளைத்தல் அந்தராய கர்மத்திற்குக் காரணம் எனக் கற்றுள்ளோம். துயரில் மூழ்கியோர் மேல் பழி சுமத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. கருத்தின்றி நேர்ந்ததற்கும் கருதிச் செய்ததற்கும் வேறுபாடு உண்டு. நம் மௌனத்தால் நம் பிள்ளைகளை அந்நிலையில் நிறுத்தலாகாது என்பதற்காகவே சொல்கின்றோம்.

தீபாவளி நாளில்

எம் முடிவை இல்லத்தாரிடம் எடுத்துரைத்த முறையையும் கூறி முடிக்கின்றோம். அட்டை கிடைத்த நாள்முதல் எமக்கு அவ்வெண்ணம் இருந்தும், பல்லாண்டுகள் நாவெழவில்லை. பிறர்க்குப் பாடம் சொல்வது எளிது; பெற்ற மகனிடம் தம் மரணத்தைப் பற்றிப் பேசுவது அரிது. மக்களும் பேரப்பிள்ளைகளும் கூடியிருந்த ஒரு தீபாவளி நாளில், விளக்கேற்றி வழிபட்டபின் தொடங்கினோம்.

“அம்மா, நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு?” என்றான் மகன்.

“இன்று என்ன நாள், சொல்” என்று பேர்த்தியைக் கேட்டோம்.

“பகவான் மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள், பாட்டி” என்றாள் அவள்.

உடலை விட்டு நீங்கியதைக் கொண்டாடும் நாளில் இதனைப் பேசுவது தகாதது அன்று என்றோம். மகன் வாதாடவில்லை. சிறிது நேரம் கழித்து, “உங்களை அப்படிப் பார்க்க என்னால் முடியாது, அம்மா” என்று மட்டும் சொன்னான். அவனுடைய தடை தத்துவம் அன்று, அன்பு என்பது அப்போது விளங்கியது. அன்பை வாதத்தால் வெல்லுதல் இயலாது. ஆதலின் மேலும் பேசவில்லை. அவன் தந்தையின் அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். அவன் அதுவரை அதனைக் கண்டதில்லை. பேர்த்தி எட்டிப் பார்த்து, “தாத்தா கையெழுத்து” என்றாள். மகன் அதனைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பொங்கலுக்கு வந்தபோது அவனே ஏழாம் எண் படிவத்தை அச்செடுத்து வந்தான். முதற் சாட்சியாக அவன் கையொப்பமிட்டான். மருமகள் இரண்டாம் சாட்சி. கண்ணோடு, பயன்படக்கூடிய எல்லா உறுப்பும் எனக் குறித்தோம். படிவத்தின் நகல் இப்போது எம் இல்லத்தில் நாட்காட்டிக்கு அருகில், வருவோர் காணுமாறு ஒட்டப்பட்டுள்ளது. அதன் கீழே அண்மைக் கண்வங்கியின் தொலைபேசி எண்ணைப் பேர்த்தி பெரிய எழுத்தில் எழுதியுள்ளாள். எழுபது வயது கடந்த எம் உறுப்புகளில் எவை பயன்படும் என்பதை யாம் அறியோம். ஆயினும் எம் பிள்ளைகள் தகரப் பெட்டியைத் திறக்கும்வரை அறியாதிருக்கும் நிலை இனி இல்லை.

செயற்பணிகள்

1. இவ்விதழைப் படித்த ஒரு திங்களுக்குள், இல்லத்தார் கூடியிருக்கும் வேளையில் உங்கள் முடிவை, அஃது எதுவாயினும், வாய்விட்டுச் சொல்லுக. வேண்டாம் என்பதும் ஒரு முடிவே; அதனையும் அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

2. பதிவு செய்தோர், அட்டையைப் பெட்டியில் வையாது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க. கண்வங்கி எண்ணை அதனருகில் எழுதுக.

3. இல்லத்தில் மரணம் நேரின் செய்ய வேண்டியன: இமைகளை மூடி ஈரப் பஞ்சினை அவற்றின்மேல் வைத்தல், தலையைத் தலையணையால் சற்று உயர்த்துதல், மின்விசிறியை நிறுத்துதல், உடனே கண்வங்கியை அழைத்தல். இந்நான்கினையும் இல்லத்து இளைஞர் ஒருவர்க்கு மனப்பாடம் செய்விக்க.

4. மேல்சித்தாமூர் தேர்த்திருவிழாவிலும் மகாவீரர் ஜயந்தியிலும் நம்மவர் திரளாகக் கூடுகின்றனர். அவ்வேளைகளில் படிவங்களை நிரப்பித் தரும் தொண்டினை இளைஞர் மன்றங்கள் மேற்கொள்க.

பயிற்சி வினாக்கள்

அ. நான்கு தானங்களுள் உறுப்புக் கொடை எதனுள் அடங்கும்? காரணம் கூறுக.

ஆ. உயிரோடு செல்லும் உடல்கள் எவை? இங்கே எஞ்சும் உடல் எது?

இ. மயக்க நிலைக்கும் மூளைச்சாவுக்கும் உள்ள வேறுபாடு யாது?

ஈ. பதிவு செய்தபின்னும் இல்லத்தாரிடம் சொல்லிவைத்தல் ஏன் இன்றியமையாதது?

நான்காம் வினாவிற்குரிய விடையை ஏட்டில் எழுத வேண்டுவதில்லை. இல்லத்தாரை அருகில் அழைத்துச் சொன்னால் போதும்.

அறம் வளர்க! ஜினதர்மம் தழைக்க!